சிங்கப்பூரில் இருப்பவர்கள் ‘இங்கே ஒரு பயமும் இல்லை’ என்கிறார்களே, அது உண்மையா?

கேள்வி கேட்டவரின் தம்பி அடுத்த மாதம் ஒர்க் பர்மிட்டில் சிங்கப்பூர் வருகிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும், “அங்க திருட்டு, ரவுடித்தனம் எதுவும் கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்குக்கூடத் தனியா நடந்து போகலாம்” என்கிறார்களாம். அதே ஊரிலிருந்து போய்ப் பணத்தைப் பறிகொடுத்தவர் கதையும், விரலை இழந்து திரும்பியவர் கதையும் காதில் விழுகின்றன. இங்கே இருப்பவர்கள் உள்ளதைச் சொல்கிறார்களா, மூடி மறைக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்.

நான் 2006-ல் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) சைட் சூப்பர்வைசராக வந்தவன். அப்புறம் ஈபி (படித்தவர்களின் உயர்நிலை வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ்), அதன் பிறகு பிஆர் (நிரந்தரவாசி). மூன்று நிலையிலும் இருந்து பார்த்திருக்கிறேன். பல வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போய், வழக்கில் மாட்டிக்கொண்ட தொழிலாளிகளுக்குக் கடிதம் படித்துச் சொல்வது, படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று கூடமாட இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அது பாதி. இங்கே வந்த கொஞ்ச நாளில் திருடனைப் பற்றிய பயம் போய்விடும். அந்த இடத்தில், ‘நம்ம பேர் எந்த விவகாரத்திலும் வந்துடக் கூடாது’ என்கிற பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பார்த்த வரைக்கும் நம் ஆட்களுக்கு இங்கே வந்த நஷ்டத்தில் பெரும்பங்கு இந்த இரண்டாவது பயத்தால் வந்ததுதான்.

முதலில் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா முதல்முறை கும்பகோணத்திலிருந்து வந்தபோது, எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் இருந்த செருப்பு அலமாரியைப் பார்த்துத் திகைத்துப் போனார். பொது நடைபாதையில் எல்லா வீட்டு வாசலிலும் செருப்பு, ஷூ, குழந்தைகள் சைக்கிள், ஆன்லைனில் வாங்கிய பொட்டலங்கள் எல்லாம் அப்படியே கிடக்கும். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மேல் இரும்பு கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா எங்கள் செருப்புகளை உள்ளே எடுத்து அடுக்கிவிட்டு, எதிர்வீட்டு வாசலில் கிடந்த பொட்டலத்தையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “பாவம், மறந்து வெளியில விட்டுட்டாங்க போல. காலையில குடுத்துடலாம்டா.” அதைத் திரும்ப அங்கேயே வைக்கச் சொல்லிப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பும்போது அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் போனில், “இங்க ஒரு பயமும் இல்லடி” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். உணவங்காடியில் மேஜை பிடிக்க ஒரு டிஷ்யூ பாக்கெட்டோ குடையோ வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் போனையே வைத்துவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். பெண்கள் நள்ளிரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வருகிறார்கள். இதெல்லாம் அனுபவித்து வந்த நிம்மதி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

‘குற்றம் குறைவு என்றால் குற்றமே இல்லை என்று அர்த்தமில்லை’ என்று இங்கே காவல்துறையும் குற்றத் தடுப்பு மன்றமும் பல வருடமாகச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதைப் படிக்காதவர் கிடையாது, மனதில் வாங்கியவர்தான் குறைவு. கத்தியைக் காட்டிப் பிடுங்குபவன் இல்லாத ஊரில் போன் வழியாக வருகிறவன் சுலபமாக நுழைந்துவிடுகிறான். 2024-ல் மட்டும் மோசடிகளில் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) மேல். வழக்குகள் 50,000-ஐத் தாண்டின. பெரும்பாலானவற்றில் பணத்தைத் தன் கையாலேயே அனுப்பியவர் ஏமாந்தவர்தான். வயதானவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம், ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் 50 வயதுக்குக் கீழே.

எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஈபியில் இருப்பவன், நல்ல படிப்பு, நல்ல சம்பளம். ஒரு நாள் மத்தியானம் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திலிருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்திருக்கிறான். இவனுடைய பாஸ்போர்ட் எண்ணைச் சரியாகச் சொல்லியிருக்கிறான். நாட்டுக்குள் வரும்போது நிரப்பிய படிவத்தில் தவறு இருக்கிறது, இது வழக்காகிவிட்டது, பாஸ் ரத்தாகி இன்று ராத்திரியே விமானம் ஏற்றிவிடுவார்கள், அபராதத்தைக் கட்டினால் நிறுத்தி வைக்கலாம், யாரிடமும் சொல்லக் கூடாது, லைனைத் துண்டிக்கக் கூடாது என்று இரண்டு மணி நேரம். பையன் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே மூன்று தவணையாக 4,200 வெள்ளி அனுப்பிவிட்டான். லைன் துண்டித்த பத்து நிமிடத்தில் ஏமாந்தது புரிந்துவிட்டது என்று அவனே சொன்னான். அப்புறம்தான் எனக்கு வருத்தம் தருகிற விஷயம். ஆறு வாரம் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மனைவியிடம்கூட. போலீசுக்கும் போகவில்லை, வங்கிக்கும் சொல்லவில்லை. “போலீஸ்ல பேர் பதிஞ்சா பாஸ் ரினியூவல்ல பிரச்சினை வருமோன்னு பயந்துட்டேண்ணே” என்றான்.

அவனை ஏமாற்றியவனுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். வெளிநாட்டுக்காரனைப் பிடித்து ஆட்ட ‘பாஸ்’ என்ற ஒரு சொல் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கதையே கட்டப்படுகிறது. இப்படி வரும் போன்களைப் பற்றி இங்குள்ள இந்தியத் தூதரகமே எச்சரித்திருக்கிறது. ஏமாந்தவர் புகார் கொடுத்தார் என்பதற்காக யாருடைய பாஸும் போய் நான் பார்த்ததில்லை. உடனே வங்கிக்கும் போலீசுக்கும் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிக் கொஞ்சமாவது மீட்க வழி இருக்கிறது. 2019-லிருந்து காவல்துறையில் அதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. அந்த ஆறு வாரத்தில் போனது பணம் மட்டும் இல்லை. பையன் இளைத்து, தூக்கம் கெட்டு, வேலையிலும் பேச்சு வாங்க ஆரம்பித்திருந்தான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, உங்கள் தம்பிக்கு இது முக்கியம். அந்த 4,200 வெள்ளி போய் விழுந்த கணக்கு யாருடையதாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இப்படிப்பட்ட கணக்குகளில் சில, நம்மைப் போல இங்கே பிழைக்க வந்த தொழிலாளிகளுடையவை. “சும்மா கிடக்கிற அக்கவுன்ட்தானே, கார்டைக் குடு, மாசம் ஒரு தொகை தர்றேன்” என்று ஒருவன் டார்மட்ரிக்கே (தொழிலாளர் தங்குமிடம்) வந்து கேட்பான். ஊருக்குக் கிளம்பும் சமயத்தில், “நீதான் போகப் போறியே, அக்கவுன்டை எனக்கு விட்டுட்டுப் போ” என்பான். கொடுத்தால் குற்றவாளி நீங்கள்தான். 2024 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிப்பது இன்னும் கஷ்டம். வங்கிக் கார்டு, சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு), சிம் கார்டு மூன்றையும் சொந்த அண்ணன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

சட்டத்தைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதையும் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு கொலை, கொள்ளைச் செய்தி வந்தால் போதும், “சிங்கப்பூர் மாதிரி பிரம்பால அடிச்சாத்தான் திருந்துவாங்க” என்று இங்கிருந்து வாட்ஸ்ஆப்பில் பறக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன். 1994-ல் கார்களில் பெயின்ட் அடித்துச் சேதப்படுத்தியதாக மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞனுக்கு இங்கே ஆறு பிரம்படி விதித்தார்கள். அமெரிக்க அதிபர் கிளின்டனே கேட்டுக்கொண்டும் அது நாலாகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அடி தன் கூட்டத்துப் பையன் மேல் விழும்வரை சட்டம் கடுமையாக இருப்பது எல்லாருக்கும் பிடிக்கும். நம் ஆட்களும் அப்படித்தான். தனக்குத் தெரிந்த ஒருவன் மாட்டிக்கொண்ட அன்று பேச்சு மாறிவிடும்.

இப்போது விரல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தம்பி வருவது கட்டுமான வேலைக்கு.

சில வருடம் முன்பு தேக்காவில் லெம்பு ரோடு பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவரைப் பார்த்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். இடது கையில் கட்டு, மழையில் நனையாமல் இருக்க அதன் மேல் ஒரு மளிகைக்கடைப் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தை வலது கையாலேயே பிரிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். இரும்புக் கம்பி வளைக்கும் மிஷினில் இரண்டு விரல் சிக்கி நுனி போய்விட்டது. ஆனால் அவரிடம் இருந்த மருத்துவச் சீட்டில் ‘தங்குமிடக் குளியலறையில் வழுக்கி விழுந்தார்’ என்று இருந்தது. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். அவரேதான். டாக்டர் கேட்டபோது சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். வரும் வழியில் வண்டியிலேயே, “சைட்ல அடிபட்டதுன்னு சொன்னா வேலையை நிறுத்திடுவாங்க, உன்னையும் அனுப்பிடுவாங்க, ரூம்ல விழுந்தேன்னு சொல்லு, கம்பெனி பாத்துக்கும்” என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அப்போது பாதிகூட அடையவில்லை. அந்த நிலைமையில் இருக்கும் ஒருவரிடம், ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இங்கே சட்டம் இந்த விஷயத்தில் தொழிலாளி பக்கம்தான் இருக்கிறது. வேலையிடத்தில் அடிபட்டால் தவறு யாருடையது என்ற கேள்வியே வேண்டியதில்லை, இழப்பீடு உண்டு. உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு முதலாளி கட்டாயம் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் உண்டு. விபத்து நடந்த ஒரு வருடத்துக்குள் மனிதவள அமைச்சில் கோரிக்கை கொடுக்கலாம். இத்தனையும் இருந்தும், முதல் நாள் டாக்டரிடம் சொன்ன ஒரு வாக்கியம் தப்பாகிவிட்டால் அதை நிமிர்த்த மாதக்கணக்கில் அலைய வேண்டும். வழக்கு நடக்கும்போது பர்மிட் ரத்தானால் ஸ்பெஷல் பாஸ் என்று ஒன்று கொடுப்பார்கள். அதில் தங்கலாம், பெரும்பாலும் வேலை செய்ய முடியாது. கையில் காசு இருக்காது, கடன்காரன் ஊரில் வீட்டு வாசலில் நிற்பான். டிடபிள்யூசி2 என்கிற தொண்டு அமைப்பு 2008-லிருந்து லிட்டில் இந்தியாவில் இப்படிப்பட்டவர்களுக்கு இலவசச் சாப்பாடு போட்டுவருகிறது. அங்கே வரிசையில் நிற்பவர்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும், பயந்து சொன்ன ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் போயிருக்கிறது என்று.

அந்தப் புதுக்கோட்டைக்காரருக்கு, அவரோடு வேலை பார்த்த ஒரு பங்களாதேஷ் பையன் உதவினான். விபத்து நடந்த உடனே அந்த மிஷினை, ரத்தத்தோடு, போனில் படம் எடுத்து வைத்திருந்தான். படத்தில் தேதியும் நேரமும் இருந்தன. அதை வைத்து எட்டு மாதத்தில் இழப்பீடு வந்தது. அந்த எட்டு மாதமும் அவர் வீட்டுக்கு வீடியோ காலில் பேசும்போது, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பேசுவார். மனைவிக்கு ஊர் போய் இறங்கும்வரை தெரியாது. ‘இங்கே ஒரு பயமும் இல்லை’ என்று ஊருக்குச் சொல்கிறவர்களில் இவரும் ஒருவர். வீட்டில் யாரும் கலங்கக் கூடாது என்பதற்காகச் சொன்னது அது.

நாம் ஒருவர் மேல் ஒருவர் காட்டும் மனோபாவம் வேறு கதை. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில், தொழிலாளிகளைத் தங்குமிடத்துக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பஸ்ஸில் அடிபட்டு ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி இறந்துபோனார். கூட்டம் கொதித்துவிட்டது. போலீஸ் வண்டிகளைக் கவிழ்த்தார்கள், ஆம்புலன்ஸ் எரிந்தது. 1969-க்குப் பிறகு சிங்கப்பூர் பார்த்த முதல் பெரிய கலவரம். 57 பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணைக் குழு உட்கார்ந்தது. 2015-லிருந்து ராத்திரி பத்தரை மணிக்கு மேல் காலை ஏழு மணிவரை பொது இடத்தில் மது குடிக்க நாடு முழுக்கத் தடை வந்தது. தேக்காவில் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

மறுநாள் காலை எங்கள் ஆபீஸில் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் மனதை அறுப்பது. தேநீர் மேஜையில் சீன மேனேஜர் ஒருவர், நல்ல மனிதர், “என்னாச்சு நேற்று, உங்கள் ஆட்களா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த தமிழ்க்காரர், ஈபியில் இருப்பவர், சட்டென்று சொன்னார்: “இல்லை, அவர்கள் வேறு, நாங்கள் வேறு. அவர்கள் கூலி வேலைக்கு வந்தவர்கள்.” நான் தலையாட்டினேன். இறந்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஆள், நான் தினமும் சைட்டில் ‘தம்பி’ என்று கூப்பிடும் பையன்களில் ஒருவராக இருந்திருக்கலாம். அப்படி ஒருவர் செத்துப்போயிருக்கிறார் என்று அந்த மேஜையில் யாரும் சொல்லவில்லை. கலவரம் செய்தது தவறு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு இருந்த ஒரே கவலை, அந்தக் கறை நம் மேல் படக் கூடாது என்பதுதான்.

இதே பிரிவினையை 2020-ல் எண்ணாகவே பார்த்தோம். கொரோனா தொற்றுக் கணக்கைத் தினமும் இரண்டாகப் பிரித்து வெளியிட்டார்கள்: டார்மட்ரியில் இத்தனை, சமூகத்தில் இத்தனை. சாயங்காலம் மெசேஜ் வந்ததும் எல்லாரும் இரண்டாவது எண்ணைத்தான் பார்ப்பார்கள். “இன்னிக்கு கம்யூனிட்டில மூணுதான், பரவாயில்ல” என்று நம் குடும்ப குரூப்புகளிலேயே நிம்மதிப் பெருமூச்சு. அந்த வருடம் முடியும்போது தங்குமிடத் தொழிலாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது, ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை ஆயிரம்! நல்லவேளையாக அவர்கள் இளைஞர்கள், மரணம் மிகக் குறைவு. ஆனால் மாதக்கணக்கில் அறைக்குள் அடைந்து கிடந்தார்கள். அப்போது சில தமிழ்க் குடும்பங்கள் சாப்பாடும் சிம் கார்டு ரீசார்ஜும் ஏற்பாடு செய்தன, அதையும் சொல்லாமல் விடக் கூடாது.

சரி, குற்றத்தை விடுங்கள். தினசரி வாழ்க்கையில் அதிகம் படுத்துவது சின்னச் சின்னத் தொல்லைகள். இதில் நம் ஆட்கள் எப்போதும் தொல்லை வாங்குகிறவர்களாகவே பேசுவார்கள். தொல்லை கொடுப்பவராக நாமும் இருப்போம் என்பது பலருக்குத் தோன்றாது. எனக்கும் தோன்றியதில்லை. 2009-ல் ஒருநாள் எங்கள் கேட்டில் ஒரு காகிதம் செருகியிருந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், ‘ராத்திரி 10 மணிக்கு மேல் அடிக்காதீர்கள். எனக்கு வயது 71’ என்று இருந்தது. யாரை அடிக்கிறோம் என்று குழம்பிப் போனோம். அப்புறம்தான் புரிந்தது. என் மனைவி வேலை முடிந்து வந்து ராத்திரியில்தான் மாவு அரைப்பார். கிரைண்டர் தரையில் இருந்தது. அதற்கு முன்னால் இஞ்சி பூண்டை உரலில் போட்டு இடிப்பதும் உண்டு. கீழ்வீட்டுக் கிழவியின் தலைக்கு நேர் மேலே எங்கள் சமையலறை. கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு, அரைப்பதைச் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றினோம்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட தகராறுகளுக்குச் சமூக சமரச நிலையம் இருக்கிறது, அதிலும் தீராவிட்டால் 2015-லிருந்து தனி நடுவர் மன்றமும் இருக்கிறது. அந்தச் சமரச நிலையத்துக்குப் போன ஒரு பழைய வழக்கு 2011 ஆகஸ்டில் பத்திரிகையில் வந்து ஊரையே கிளப்பிவிட்டது. சீனாவிலிருந்து புதிதாக வந்த குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை தாங்க முடியவில்லை என்று புகார் செய்தது. இந்தியக் குடும்பத்தார் கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டும் சமைத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில், சீனக் குடும்பத்தார் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு வைப்பது, பதிலுக்கு அவர்களும் அந்தக் குழம்பை ருசி பார்ப்பது என்று சமாதானம். கேள்விப்பட்டதும் உள்ளூர்க்காரர்கள், சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாருமே கொதித்துப் போனார்கள். ஆகஸ்ட் 21 ஞாயிற்றுக்கிழமை எல்லார் வீட்டிலும் குழம்பு வைப்போம் என்று அழைப்பு பரவி, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். எங்கள் வீட்டிலும் வைத்தோம். நானும் ‘பார்த்தாயா, ஊரே நம் பக்கம்’ என்று பூரித்தேன். யோசித்துப் பார்த்தால் ஊர் நின்றது அந்த உள்ளூர் இந்தியக் குடும்பத்தின் பக்கம். அந்தக் கதையில் எனக்குப் பொருந்துகிற இடம் சீனாவிலிருந்து வந்த குடும்பத்தின் இடம்தான்: வந்த ஊரின் வாசனையும் சத்தமும் பழகாமல், தனக்கு ஏற்ப மாற்றச் சொல்கிற ஆள்.

ஏனென்றால் நானும் அதைச் செய்திருக்கிறேன். சீனர்களின் ஏழாம் மாதத்தில், ஆகஸ்ட் வாக்கில், இறந்தவர்களுக்காகக் காகிதப் பணம் எரிப்பார்கள். சாம்பல் பறந்து வந்து காயப்போட்ட துணியில் ஒட்டும். நகர மன்றத்துக்குப் போன் போட்டுப் புகார் செய்யலாம் என்று ஒரு வருடம் எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், எனக்குக் காகிதம் எழுதிய அதே கீழ்வீட்டுக் கிழவி, தகர டிரம் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக மடித்து நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். நம் ஊரில் ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளின் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது அந்த முகம். போன் செய்யவில்லை. துணியை உள்ளே எடுத்துப் போட்டேன்.

கஷ்டம் என்று வரும்போது யார் கூட நிற்பார்கள் என்பது அடுத்த விஷயம். ஈபிக்காரருக்கு வேலை போனால் பொதுவாக முப்பது நாளில் கிளம்ப வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை ஒப்பந்தம், வாங்கிய சாமான் எல்லாவற்றையும் அந்த முப்பது நாளில் முடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கே கடைசி வாரத்தில்தான் சொல்வார்கள். ஊரில் அப்பா அம்மா இறந்த செய்தி வந்தால், விமான டிக்கெட் போடும்வரை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவார்கள். சொன்னால் ஓடி வர ஆள் இருக்கிறது, ஆனால் சொல்வதில்லை. வந்த இடத்தில் நாம் நன்றாக இருக்கிறோம் என்று காட்டியே ஆக வேண்டும் என்கிற பாரம் எல்லார் தலையிலும் உட்கார்ந்திருக்கிறது.

கீழ்வீட்டுக் கிழவி 2018-ல் இறந்துபோனார். இங்கே அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலேயே பந்தல் போட்டு மூன்று நாள், ஐந்து நாள் என்று உடலை வைப்பார்கள். அதுவரை அப்படி ஒரு பந்தலைப் பார்த்தால் நான் சுற்றிக்கொண்டு வேறு லிஃப்ட்டில் ஏறிப் போகிறவன், தீட்டு என்கிற எண்ணமும் உண்டு, நமக்கென்ன என்கிற எண்ணமும் உண்டு. அன்று நானும் மனைவியும் போனோம். வெள்ளை உறையில் காசு வைத்துக் கொடுக்க வேண்டும், தொகை ஒற்றைப்படையில் முடிய வேண்டும் என்று ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மகன் வேர்க்கடலையும் பாக்கெட் பானமும் கொண்டுவந்து வைத்தார், கிளம்பும்போது ஒரு சிவப்பு நூலைக் கையில் கொடுத்தார். துக்க வீட்டின் கெடுதல் ஒட்டாமல் இருக்க என்று சொன்னார். “எங்கள் ஊரில் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகுவோம்” என்றேன். “அதுவும் இதுவும் ஒன்றுதான்” என்றார். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் குடும்பத்தோடு நான் பேசிய முதல் நீளமான பேச்சு அது. பிறகு அம்மா வந்திருந்தபோது ஒருமுறை நடுராத்திரி மூச்சுத் திணறல் வந்தது. 995-க்குப் போன் செய்துவிட்டு நான் பதறி நின்றபோது, ஸ்ட்ரெச்சர் வர லிஃப்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றவர் அந்த மகன்தான்.

உங்கள் தம்பிக்கு வருகிறேன். புறப்படும் முன் அவருடைய வேலை அனுமதிக் கடிதத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று நீங்களும் உட்கார்ந்து படியுங்கள், போனில் படம் எடுத்து உங்களிடமும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். போலீசுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995, மோசடியோ என்று சந்தேகம் வந்தால் 1799, இந்த மூன்றையும் விமானம் ஏறும் முன்பே போனில் போட்டுவிடச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாதமும் படம் எடுக்கட்டும். அடிபட்டால், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும், டாக்டரிடம் எங்கே எப்படி அடிபட்டது என்று உள்ளபடி சொல்லட்டும். எது நடந்தாலும், பணம் போனாலும் சரி, அடிபட்டாலும் சரி, முதல் போன் உங்களுக்கு வர வேண்டும், நீங்கள் திட்ட மாட்டீர்கள் என்று இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல்தான் பலர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தேக்காவுக்கு வரச் சொல்லுங்கள். எம்ஆர்டியில் இறங்கி வெளியே வந்தால் நம் ஆட்கள் கூட்டம்தான், வழி கேட்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.